ஏட்டில் ஏறாத இழப்பு

(பழனிமலை அடிவாரத்தில் நடைபெற்ற தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இத்திடலில் நின்று தலையை உயர்த்தினால் கோடைமலை தெரிகின்றது. அம்மலையை வெள்ளையன் கண்டெடுத்த மலை என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. 1845இல் அமெரிக்கச் சமய ஊழியர் அங்கு வீடு கட்டியதையும், 1863இல் மதுரை ஆட்சித்தலைவராயிருந்த இலெவிஞ்சு என்பார் ஓடையை மறித்து ஏரி அமைத்ததையும் சொல்லி, மலையின் வரலாறே அன்றுதான் தொடங்கிற்று என்பதுபோல் கதை முடிக்கின்றன. ஆனால் நம் புறநானூறு கோடைமலைத் தலைவனாகிய கடிய நெடுவேட்டுவனை அறியும். பொதினியை ஆண்ட ஆவியர் குடியை அறியும். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனை அறியும். பன்றிமலை என்று நம் முன்னோர் வழங்கிய மலைத்தொடர் வடமொழியார் வாயில் வராககிரி ஆயிற்று. அதன் தென்சரிவில் பிறந்து பெரியகுளம் வழியாக ஓடி வையையில் கலக்கும் ஆறு வராகநதி ஆயிற்று. ஆன்பொருநை அமராவதி ஆயிற்று. பெயரிழந்தோம், அதுவும் ஓர் இழப்பே. அதைப் பற்றி இம்மேடையில் பலர் பேசியுள்ளனர்.

இன்று யான் பேச வந்தது வேறோர் இழப்பைப் பற்றி. இம்மலையிலிருந்து வெள்ளம் இறங்கும்போது நம் மக்கள் எதை இழக்கின்றனர்? அவ்விழப்பை ஏட்டில் எழுதுபவர் யார்? எழுதிய எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? இது கணக்கரின் வேலை, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். எண்ணைக் கையில் வைத்திருப்பவனே நாளை அணையின் உயரத்தை முடிவு செய்கிறான். அவனே பணத்தைப் பங்கிடுகிறான். அவனே வரலாற்றையும் எழுதுகிறான்.

ஒரே வழியில் வந்த இரு புயல்கள்

1977 நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில் கடும்புயல் ஒன்று நாகப்பட்டினத்துக்குச் சற்றுத் தெற்கே கரையேறிற்று. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் விரைவில் காற்று வீசிற்று. உள்நாட்டின் ஊடே மேற்கு நோக்கிச் சென்ற அப்புயல் வலுவிழந்து, மறுநாள் மலையாளக் கரையைக் கடந்து மேலைக் கடலை அடைந்தது. 560 பேர் இறந்தனர். 10 இலக்கம் பேர் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. பொதுவுடைமையும் தனியாருடைமையுமாக 155 கோடி உருபா இழப்பு. இது வானிலைத் துறையின் பதிவு.

நாற்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் கசாப் புயல் நாகப்பட்டினத்துக்கும் திருமறைக்காட்டுக்கும் இடையே கரையேறிற்று. காற்றின் விரைவு ஏறத்தாழ அதே 120 கிலோமீட்டர். அதுவும் மேற்கு நோக்கியே வந்தது. திண்டுக்கல் பகுதியைக் கடந்து நம் கோடைமலைமேல் மழையைக் கொட்டிற்று. கோடைக்கானலை அடுத்த சின்னப்பள்ளத்தில் மண் சரிந்து கூலித் தொழிலாளர் நால்வர் உயிரிழந்தனர். தமிழ்நாடு முழுவதிலும் இறந்தோர் தொகை முதல் நாள் செய்திகளில் பத்தை ஒட்டியிருந்தது. சில நாள்களில் அறுபதைக் கடந்தது. தமிழ்நாட்டரசு தில்லியிடம் ஏறத்தாழ 15,000 கோடி உருபா கேட்டது. அவ்வாண்டுத் திசம்பர் இறுதியில் தில்லி ஒப்பியது 1,146 கோடி.

இவ்விரு புயல்களும் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே விரைவில், ஒரே திங்களில் வந்தவை. ஒன்றற்கு 155 கோடி. மற்றொன்றற்கு 15,000 கோடி. ஏறத்தாழ நூறு மடங்கு! இதைக் கண்டு ஒருவர், 'இயற்கை நூறு மடங்கு சீறிவிட்டது' என்பார். இன்னொருவர், 'மாநில அரசு நூறு மடங்கு புளுகிவிட்டது' என்பார். இருவரும் பிழைபட்டவரே.

முதலில் பணத்தின் மதிப்பைப் பாருங்கள். 1977க்கும் 2018க்கும் இடையே விலைவாசி ஏறத்தாழ இருபது மடங்கு ஏறியிருக்கிறது. அன்றைய 155 கோடி என்பது 2018ஆம் ஆண்டுப் பணத்தில் ஏறத்தாழ 3,100 கோடி. நூறு மடங்கு என்று தோன்றியது உடனே ஐந்து மடங்காகச் சுருங்கிவிட்டது. எஞ்சிய ஐந்து மடங்கிலும் பெரும்பகுதி விளக்கக் கூடியதே. 1977இல் கூரைக் குடிசையாயிருந்தது 2018இல் ஓட்டு வீடாகவும் காரை வீடாகவும் ஆகியிருந்தது. மின்கம்பமே காணாத ஊர்களில் மின்மாற்றிகள் நின்றன. அழியக் கூடிய பொருள் மிகுந்ததால் அழிவின் மதிப்பும் மிகுந்தது.

அதற்கும் மேலாக ஒன்றைக் காணல் வேண்டும். 155 கோடி என்பது இழப்பின் மதிப்பு. 15,000 கோடி என்பது மீளக் கட்டும் செலவையும் சேர்த்த வேண்டுகோள். 1,146 கோடி என்பது தில்லி தானே வகுத்துக்கொண்ட அளவைப்படி ஒதுக்கிய உதவி. மூன்றும் மூன்று வேறு பொருள்கள். நெல்லை மரக்காலாலும் எண்ணெயை உழக்காலும் அளந்துவிட்டு, எது மிகுதி என்று வாதிடுவார் உண்டோ? ஆனால் வெள்ள இழப்பைப் பொறுத்தவரையில் தாளிகைகளும் சட்டமன்றங்களும் நாள்தோறும் அதைத்தான் செய்கின்றன.

எண்ணை நோக்கி ஐந்து வினாக்கள்

எனவே எந்த வெள்ள இழப்புக் கணக்கு நம் கைக்கு வந்தாலும் ஐந்து வினாக்களை அதனிடம் கேட்டல் வேண்டும். எண்ணியவர் யார்? எண்ணியது எப்போது? எதை எண்ணினார், எதை விட்டார்? எந்த ஆண்டுப் பணத்தில் எழுதினார்? எதன்பொருட்டு எழுதினார்? இவ்வைந்துக்கும் விடையிறுக்காத எண், எவ்வளவு பெரிய அலுவலகத்திலிருந்து வந்தாலும், செவிவழிச் செய்தியே ஆகும்.

எண்ணின் முகத்தைப் பார்த்தே சில உண்மைகளை அறியலாம். 560 பேர் இறந்தனர் என்பது எண்ணிச் சொன்னதுபோல் தோன்றுகிறது. 10 இலக்கம் பேர் வீடிழந்தனர் என்பதோ மதிப்பிட்டுச் சொன்னதென்று அதன் உருட்சியே காட்டுகிறது. வெள்ளம் பத்து இலக்கம் என்று முழுமையாக எண்ணிக்கொண்டு வீடுகளை அடித்துச் செல்வதில்லை. உருண்டு திரண்ட எண் பொய் என்று யான் கூறவில்லை. அதன் இருபுறமும் எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதை உணர்க என்கிறேன்.

அளந்த இடமும் முதன்மையானது. 1876 முதல் 1878 வரை தமிழ்நிலத்தைச் சூறையாடிய பெரும்பஞ்சத்துக்குப் பின், கதிரவனை ஆய்ந்தால் மழையின் போக்கை முன்னறியலாம் என்னும் எண்ணம் ஆங்கில ஆட்சியாளரிடம் வலுப்பட்டது. அதன் விளைவாகக் கோடைக்கானல் வானாய்வகம் 1899இல் தொடங்கப்பெற்றது. ஆனால் மலைமுகட்டில் அளந்த மழை, மலை முழுவதற்கும் பெய்த மழை ஆகிவிடுமா? வாடைப் பருவ மழையைக் கீழைச் சரிவுகளாகிய பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் நெஞ்சில் ஏந்துகின்றன. மன்னவனூரும் கவுஞ்சியும் மேற்கே மழை மறைவில் கிடக்கின்றன. ஒரு முகட்டின் ஒரு குவளையைக் கொண்டு ஒரு தொடரின் வெள்ளத்தை மதிப்பிடுவது, ஒரு பிடி சோற்றைத் தின்று ஊர் விருந்தின் செலவைச் சொல்வதை ஒக்கும்.

பிழைகள் இருவகை

அமெரிக்க நாட்டில் பீல்கி, தௌன்டன் முதலான ஆய்வாளர் 1926 முதல் 2000 வரையிலான வெள்ள இழப்புக் கணக்குகளை மீண்டும் எடுத்து, வெவ்வேறு அலுவலகங்கள் ஒரே வெள்ளத்துக்குக் கூறிய எண்களை ஒப்பிட்டு நோக்கினர். அவர்கள் கண்டது நமக்குப் பெரிதும் பயன்படும். ஒரு மாநிலத்தில் இழப்பு 500 மில்லியன் தாலருக்கு மேற்பட்ட பெருவெள்ளமாயின், ஒரு கணக்குக்கும் மற்றொரு கணக்குக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் நூற்றுக்கு நாற்பதுக்குள் அடங்கிற்று. 50 மில்லியன் தாலருக்குக் குறைந்த சிறுவெள்ளமாயின், கணக்குகள் அடிக்கடி இரண்டு மடங்குக்கும் மேல் முரண்பட்டன.

இதன் பொருள் என்ன? பல ஊர்களின் கணக்கைக் கூட்டும்போது, ஓர் ஊரில் மிகுத்துச் சொன்னதும் மற்றோர் ஊரில் குறைத்துச் சொன்னதும் ஒன்றையொன்று ஈடுசெய்து கொள்கின்றன. ஆகவே ஒரு மாநிலத்தின் மொத்த இழப்பை ஓரளவு நம்பலாம். ஒரு சிற்றூரின் இழப்பையோ ஒரு மலைச்சரிவின் இழப்பையோ தனியே எடுத்தால் பிழை மிகும். தோழர்களே, நம் பழனிமலை ஊர்கள் அனைத்தும் அந்தச் சிறுகணக்கில் வாழும் ஊர்களே!

ஆயினும் ஈடாகிப் போகும் பிழையைக் கண்டு யான் அஞ்சவில்லை. ஈடாகாத பிழை ஒன்று உண்டு. அது விடுபடும் பிழை. எண்ணாமல் விடப்பட்டவன், எத்தனை ஊர்க் கணக்கைக் கூட்டினாலும் கூட்டுத்தொகையில் வரமாட்டான். சுழியத்தை ஆயிரமுறை கூட்டினாலும் விடை சுழியமே.

மலையில் விடுபடுவோர் யார்? பட்டா இல்லாதவர். நிலத்துக்கு ஏடில்லாத பளியர், புலையர், தோட்டக் கூலிகள். ஊர்க் கணக்கின் அடங்கலில் பெயரிருந்தால்தான் பயிரிழப்பு எழுதப்படும். 1980இல் வழிவழியாக வந்த கணக்குப்பிள்ளை முறை ஒழிக்கப்பட்டது, அடங்கல் ஒழியவில்லை. அடங்கலில் அடங்காதவனுக்குப் பயிருமில்லை, இழப்புமில்லை. தேனெடுக்கும் பாறைக்குச் செல்லும் தடம் சரிந்துபோனால், அத்தடத்தை நம்பிய குடிக்கு அவ்வாண்டு வருவாய் இல்லை. எந்தப் படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்கிறது? பூம்பாறையிலும் வில்பட்டியிலும் தலைமுறை தலைமுறையாகக் கல்லடுக்கி மண் நிரப்பி அமைத்த படிவயல்களின் மேல்மண் ஓரிரவில் கரைந்து போனால், பூண்டு போயிற்று என்று எழுதுவர். மண் போயிற்று என்று எழுதார். பூண்டு அடுத்த பருவத்தில் விளையும். மண் எந்தப் பருவத்தில் விளையும்?

வெள்ளையர் கால ஏடுகளும் இக்குறை உடையனவே. அவர்கள் எண்ணியது வரிக்காக. எந்த நிலத்துக்குத் தீர்வை தள்ளவேண்டும், எந்தப் பாலத்தைச் செப்பனிட வேண்டும், எந்த மலைப்பாதை அடைபட்டது என்பன ஏடேறின. தீர்வை கட்டாதவன் வீடிழந்தால் ஆட்சிக்கு இழப்பில்லை. ஆகவே அவன் ஏடேறவில்லை. பழைய ஆவணம் என்பதனாலேயே அதைத் தொழ வேண்டா. அது அரசின் இழப்பைக் கூறும் ஏடு. குடியின் இழப்பைக் கூறும் ஏடன்று.

உயிர்க்கணக்கும் இவ்வாறே. 1977இல் நம்மைத் தாக்கிய புயலுக்கு ஒரு கிழமை கழித்து, நவம்பர் 19ஆம் நாள், ஆந்திரக் கரையில் திவிசீமைப் பகுதியைக் கடலே எழுந்து விழுங்கிற்று. இறந்தோர் தொகையை அரசுக் கணக்கு பத்தாயிரத்தை ஒட்டிச் சொன்னது; பிற மதிப்பீடுகள் ஐம்பதாயிரம் வரை சென்றன. பிணத்தை எண்ணுவதில்கூட ஐந்து மடங்கு வேறுபாடு! குடும்பத்தோடு அழிந்த கூலிக்காகக் கையெழுத்திட்டு முறையிட யார் எஞ்சியிருப்பார்?

மறுபுறத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். மிகைபட எண்ணுதலும் உண்டு. கீழைப் பழனிமலையின் மலைவாழையை முடிக்கொத்து நோய் பல்லாண்டுகளாகத் தின்று வருகிறது. நோயால் முன்பே சாகவிருந்த தோட்டத்தின்மேல் வெள்ளம் பாய்ந்தால், முழுத் தோட்டத்தையும் வெள்ளத்தின் கணக்கில் எழுதிவிடும் ஆசை எழும். அது வறுமையின் ஆசை; ஆயினும் அது உண்மையன்று.

குறைந்த எண் கொல்லும்

எண் பிழைத்தால் ஏற்படுவது பண இழப்பு மட்டுமோ? குடகனாற்றைக் கேளுங்கள்.

கீழைப் பழனிமலையில் பிறந்து, ஆத்தூரைக் கடந்து, வடக்கே வேடசந்தூர் வழியாக ஓடி ஆன்பொருநையில் கலப்பது குடகனாறு. அதன் குறுக்கே அழகாபுரியில் மண்ணணை ஒன்று கட்டப்பட்டது. நொடிக்கு 1,275 கனமீட்டர், அதாவது ஏறத்தாழ 45,000 கன அடி வெள்ளம் வந்தால் வெளியேற்றலாம் என்பது அதன் அமைப்பு. அதற்கு மேலும் இரண்டரை மீட்டர் கரை உயரம் விட்டிருந்தனர். 1977ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது உடைந்தது. கதவுகளை உயர்த்தத் தொடங்கினர், மின்விசை நின்றது. மாற்று மின்னாக்கியை இயக்கினர், அதுவும் போதவில்லை. கையால் சுழற்றினர். அதற்குள் நீர் கரைக்கு மேலேறி, பின்சரிவில் அருவிபோல் விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் வரை நீளமுள்ள உடைப்புகள் பல இடங்களில் வாய்பிளந்தன. கட்டி முடித்து நெடுநாள் ஆகாத அணை அது!

பணியாளர் மடிந்திருக்கவில்லை, இறுதிவரை போராடினர். அவர்கள் கையிலிருந்த கதவு வந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. எவ்வளவு வெள்ளம் வரும் என்பதைப் பொறியாளர் எங்கிருந்து பெறுகின்றனர்? முன்னை வெள்ளங்களின் பதிவிலிருந்தே பெறுகின்றனர். அப்பதிவு குறுகியதாயின், மலையில் பெய்ததை அளக்காத பதிவாயின், அதன்மேல் எழும்பும் கரையும் குறுகியதே. நேற்றைய ஏட்டில் குறைத்தெழுதிய எண் நாளைய கரையைத் தாழ்த்துகிறது. தாழ்ந்த கரைக்குக் கீழே படுத்துறங்குவது நம் மக்கள்!

தில்லியின் அளவுகோல்

இனித் தில்லிக்கு வருவோம். 2023 திசம்பரில் மிக்சாம் புயல் சென்னையையும், அடுத்த இரு கிழமைக்குள் பெருமழை தென்மாவட்டங்களையும் மூழ்கடித்தன. இரண்டுக்குமாகத் தமிழ்நாடு கேட்டது ஏறத்தாழ 37,900 கோடி உருபா. 2024 ஏப்பிரலில் தில்லி விடுவித்தது 276 கோடி. மாநிலப் பேரிடர் நிதியில் ஏற்கெனவே இருந்த இருப்பைக் கழித்துவிட்டோம் என்பது அவர்கள் கூறும் விளக்கம். அவ்விளக்கத்தையும் சேர்த்தே எண்ணுவோம். அப்போதும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு குறையவில்லை.

ஏன் இவ்வாறு? தில்லியின் நெறிமுறை வெளிப்படையாகவே கூறுகிறது: தருவது துயர் துடைக்கும் உதவியே, இழப்பீடு அன்று. பயிரில் நூற்றுக்கு 33 பங்காவது அழிந்திருத்தல் வேண்டும். ஒருவருக்கு இரண்டு எக்டேருக்கு மேல் இல்லை. 2022இல் திருத்திய அளவைப்படி, பல்லாண்டுப் பயிருக்கு எக்டேருக்கு 22,500 உருபா. ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ 9,100 உருபா. தாண்டிக்குடிச் சரிவில் காப்பிச் செடியும் மிளகுக் கொடியும் வேரோடு போனால், மீண்டும் நட்டுக் காய்ப்புக் காண மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டு உழைப்புக்கும் பட்டினிக்கும் 9,100 உருபா!

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குக. இந்த அளவுகோலால் அளந்து பெற்ற தொகையை, நாளை வரலாறு எழுதுவோர் இழப்பின் அளவாகவே எழுதிவிடுவர். கொடுத்தது 276 கோடி என்றால் இழந்ததும் அவ்வளவே என்று ஒரு தலைமுறை கழித்து நம்புவர். கொடுத்தவன் கணக்கு இழந்தவன் கணக்காகி விடுகிறது. வரி கொடுப்பது தமிழன். வெள்ளத்தில் மிதப்பது தமிழன். அவன் இழப்பை அளக்கும் கோலை மட்டும் பிறன் கையில் விட்டுவைத்தல் அறமாகுமா? இது மாநில உரிமை வினா. மாந்த உரிமை வினாவும் ஆகும்.

நம் எண்களும் தேர்வுக்கு உரியனவே

இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டை நோக்காமல் விடுதல் நேர்மையன்று. யான் இப்போது சொல்லப்போவது உங்களுள் சிலருக்குச் சினமூட்டலாம், பொறுத்தருள்க.

தமிழரின் மிகப் பழைய வெள்ள இழப்புக் கணக்கு எது? குமரியைக் கடல்கொண்ட கணக்கு. கடல் நிலத்தைக் கொண்டது என்னும் நினைவு கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் பதிந்துள்ளது. அது நம் இனத்தின் ஆழ்ந்த நினைவு. யான் அதை மதிக்கிறேன். ஆனால் 49 நாடுகள் என்றும் 700 காவதம் என்றும் வரும் எண்கள், சிலப்பதிகாரத்துக்குப் பல நூற்றாண்டு பிற்பட்ட அடியார்க்குநல்லார் உரையில் உள்ளவை. எண்ணியவர் யார், எப்போது என்னும் வினாக்களைத் தில்லியிடம் கேட்கும் நாம், இவ்வெண்ணிடமும் கேட்டல் வேண்டும். நினைவு வேறு, எண் வேறு. நினைவைப் போற்றுவதற்கு எண்ணைப் பெருக்க வேண்டியதில்லை. ஐயத்துக்கிடமான ஓர் எண்ணை நாம் முழங்கினால், எதிரி அந்த ஓர் எண்ணை உடைத்துக் காட்டி, ஐயத்துக்கிடமில்லாத நூறு உண்மைகளையும் அதனோடு சேர்த்துக் குப்பையில் தள்ளுவான். தமிழுக்கு மிகை வேண்டியதில்லை, மெய் போதும்.

மெய்க்கணக்கு நம் மரபிலேயே இருக்கிறது. வையையில் வெள்ளம் பெருகிக் கரை உடைந்தபோது, பாண்டியன் குடிதோறும் கரையைப் பங்கிட்டு அளந்து விட்டான் என்பது திருவிளையாடற் கதை. பிட்டு விற்ற வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு உண்டு. இறைவன் மண் சுமந்தான் என்பதை நம்புவார் நம்புக. யான் காண்பது வேறு: ஆளில்லாத கிழவியும் விடுபடாத ஒரு கணக்கு முறையை நம் மக்கள் கற்பனை செய்திருக்கின்றனர். கதையன்றிக் கல்லிலும் சான்றுண்டு. பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரக்கூடாது என்று அவை விதிக்கின்றன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கணக்குக் காட்டாதவனை விலக்கிய இனம், இன்று தன் கணக்கைத் தானே எழுதாமல் கையேந்தி நிற்பதோ?

ஊருக்கொரு வெள்ள ஏடு

எனவே என் வேண்டுகோள் இது. இம்மலையின் அடிவாரத்திலும் மேலேயும் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு வெள்ள ஏடு தொடங்குவோம். ஒரு குறிப்பேடும் ஒரு நூலளவையும் போதும்.

முதற்கண், முன்னை வெள்ளங்களை ஊர்ப் பெரியோரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்கும் முறை ஒன்றுண்டு. எத்தனை பேர் செத்தனர், எத்தனை கோடி போயிற்று என்று கேட்டால், நினைவு பெருக்கிச் சொல்லும். நீர் எந்தப் படியைத் தொட்டது, எந்தத் திண்ணை மூழ்கிற்று, எந்த மரத்தில் வைக்கோல் தொங்கிற்று என்று கேளுங்கள். பாட்டிமார் விரலால் இடத்தைக் காட்டுவர். அந்த இடம் பொய் சொல்வது அரிது. மூவர் தனித்தனியே ஒரே படியைக் காட்டினால், அதைக் கல்லில் குறியிடுங்கள். ஆற்றின் அகலமும் ஆழமும் சரிவும் அக்குறியால் தெரியுமாயின், அன்று ஓடிய நீரின் அளவைப் பொறியியல் கற்ற நம் பிள்ளைகள் இன்றும் கணக்கிட்டுச் சொல்வர். அணை கட்டுவோர் கையில் அது சேரட்டும்.

இரண்டாவதாக, இனி வரும் வெள்ளத்தை இருமுறை எண்ணுங்கள். நீர் வடிந்த கிழமைக்குள் ஒருமுறை. ஆறு திங்கள் கழித்து ஒருமுறை. முதற் கணக்கில் உடனே தெரியும் அழிவு வரும். இரண்டாவதில் மேல்மண் இழப்பும், காய்க்காமற்போன செடியும், வேலையிழந்து ஊரை விட்டுப் போன குடியும் வரும். இரண்டையும் தனித்தனியே நாளிட்டு எழுதுங்கள். ஒன்றை அழித்து ஒன்றை எழுதாதீர்கள்.

மூன்றாவதாக, வீடுதோறும் செல்லுங்கள். பட்டா உண்டா என்று கேட்குமுன் அடுப்பு உண்டா என்று பாருங்கள். அடுப்புள்ள இடமெல்லாம் ஒரு குடி. பளியர் குடிக்கும் ஏட்டில் ஒரு வரி; தோட்ட முதலாளிக்கும் ஒரு வரி. எண்ணியது எண்ணியதாகவும், மதிப்பிட்டது மதிப்பிட்டதாகவும் இருக்கட்டும். ஒன்றை மற்றொன்றாகக் காட்ட வேண்டா. நோயால் போனதை நோய்க் கணக்கிலும், வெள்ளத்தால் போனதை வெள்ளக் கணக்கிலும் எழுதுங்கள். எழுதியதை ஊர்மன்றில் உரக்கப் படியுங்கள். மிகுத்தெழுதினால் பக்கத்து வீட்டான் சிரிப்பான். விட்டெழுதினால் விடுபட்டவன் எழுந்து நிற்பான். இவற்றினும் சிறந்த தணிக்கை தில்லியிலும் இல்லை.

நான்காவதாக, அதைத் தமிழில் எழுதுங்கள். எண்ணப்படுபவன் படித்துணர இயலாத மொழியில் எழுதிய கணக்கு அவன் கணக்காகாது. தன் இழப்பு தன் மொழியில் எழுதப்பட்டிருப்பதைக் காணும் பளியச் சிறுமி ஒருத்தி, 'எங்கள் தடம் இங்கே விடுபட்டிருக்கிறது' என்று விரல் வைத்துக் காட்டும் நாளே, இந்நாட்டில் மெய்க்கணக்குத் தொடங்கும் நாள்.

பெரியோர்களே! வாடை மழை ஆண்டுதோறும் இம்மலைமேல் வரும். புயல்கள் நாகைக் கரையேறி மேற்கே வருவதும் ஓயாது. வெள்ளத்தை நாம் நிறுத்த இயலாது. அது கொண்டுபோனதை ஏட்டிலிருந்தும் ஒருவன் கொண்டுபோவதை நிறுத்த இயலும். அந்த ஏட்டின் முதல் வரியை இவ்வாண்டு மழைக்கு முன்னரே எழுதுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!